யார் இந்த ஜார்ஜ் ஷிராஸ்? மானைத் தானே தன் படத்தை எடுக்கவைத்த மனிதர்... ட்ரெயில் கேமரா பிறந்த கதை!

முதுமலையில் புலிக் கணக்கெடுப்பு, சத்தியமங்கலத்தில் கணக்கெடுப்பு என்று செய்தி வரும்போதெல்லாம் கூடவே ஒரு படமும் வரும். நள்ளிரவு, காட்டுப் பாதை, நடந்து போகும் புலி, படத்தின் ஓரத்தில் தேதியும் நேரமும். பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்துக்குக் கீழே புகைப்படக்காரர் பெயர் மட்டும் இருக்காது. எப்படி இருக்கும்? எடுத்தது ஆள் இல்லை, மரத்தில் பெல்ட் போட்டுக் கட்டி வைத்த ஒரு சின்னப் பெட்டி.

ட்ரெயில் கேமரா, கேமரா ட்ராப், நம் வனத்துறை அறிக்கைகளில் தானியங்கி கேமரா... மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். முன்னால் உடல் சூடுள்ள ஏதாவது நகர்ந்தால் உள்ளே இருக்கும் சென்சார் விழித்துக்கொள்ளும். கேமரா தானாகவே படம் எடுக்கும். பிறகு மீண்டும் தூங்கிவிடும். பேட்டரி இருக்கும் வரை மாதக்கணக்கில் இதே வேலைதான்.

இந்த யோசனை முதலில் யாருக்கு வந்தது என்று தேடிப்போனால், கதை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு ஏரிக்கரைக்குப் போய் நிற்கிறது. அங்கே 130 வருஷத்துக்கு முன்னால் ஒரு வக்கீல் ராத்திரி நேரத்தில் படகில் உட்கார்ந்துகொண்டு மான்களைக் குறிவைத்துக்கொண்டிருந்தார். கையில் துப்பாக்கி இல்லை.

ஜட்ஜ் வீட்டுப் பிள்ளை

ஜார்ஜ் ஷிராஸ் பிறந்தது 1859 ஜனவரி 1. ஊர், பென்சில்வேனியாவில் இன்றைய பிட்ஸ்பர்க் நகரத்துக்குள் அடங்கிவிட்ட அலெகேனி. முழுப் பெயர் மூன்றாம் ஜார்ஜ் ஷிராஸ். தாத்தா பெயர் ஜார்ஜ், அப்பா பெயர் ஜார்ஜ், இவரும் ஜார்ஜ். அப்பா சாதாரண ஆள் இல்லை. 1892 முதல் 1903 வரை அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி. மகனும் அதே பாதையில்தான் கிளம்பினார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம், 1883இல் யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம், அப்புறம் வக்கீல் தொழில்.

ஆனால் மனசு முழுக்க வேறு இடத்தில் இருந்தது. மிச்சிகனின் வடக்குப் பகுதியில் சுபீரியர் ஏரிக்கரையில் மார்க்கெட் என்று ஒரு ஊர். சந்தை இல்லை. மார்க்கெட் என்ற பிரெஞ்சுப் பாதிரியாரின் பெயரில் உள்ள ஊர் அது. மீன் பிடிக்கவும் வேட்டையாடவும் ஷிராஸ் குடும்பம் தாத்தா காலத்திலிருந்தே அங்கே போய்வந்துகொண்டிருந்தது. 1870இல் பதினோரு வயசுப் பையனாக இவரும் முதல்முறை போனார். பிறகு அந்தக் காட்டை அவர் விடவே இல்லை. கல்யாணம் செய்துகொண்டதும் அந்த ஊர்ப் பெண்ணைத்தான்.

அங்கே அவருக்குக் காட்டைக் காட்டிக்கொடுத்தவர் ஜாக் லா பீட். ஒஜிப்வே பழங்குடி வம்சாவளியைச் சேர்ந்த வழிகாட்டி. மார்க்கெட் ஊருக்குக் கிழக்கே காட்டுக்குள் இருக்கும் ஒயிட்ஃபிஷ் என்ற சின்ன ஏரிக்குச் சிறுவனை அழைத்துப்போனவர் அவர். பிற்காலத்தில் உலகம் வியந்த படங்களில் முக்கியமானவை அந்த ஏரியிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் எடுத்தவை. ஷிராஸ் பற்றிய குறிப்புகளில் லா பீட் பெயர் ஓரமாகத்தான் வரும். ஆனால் அவர் இல்லாவிட்டால் இந்தக் கதையே கிடையாது. ஏன் என்று அடுத்து பார்க்கலாம்.

இருட்டில் மின்னும் இரண்டு புள்ளிகள்

ஒஜிப்வே வேட்டைக்காரர்களிடம் ஒரு பழைய உத்தி இருந்தது. ராத்திரியில் ஓடத்தின் முன்பக்கத்தில் நெருப்பை மூட்டிக்கொண்டு, துடுப்புச் சத்தமே கேட்காமல் ஏரியில் நகர்வது. கரையில் தண்ணீர் குடிக்கவோ நீர்ச்செடி மேயவோ வந்த மான், வெளிச்சத்தைப் பார்த்ததும் ஓடாது. அப்படியே நின்று உற்றுப் பார்க்கும். வெளிச்சத்துக்குப் பின்னால் இருட்டில் உட்கார்ந்திருக்கும் ஆளை அதனால் பார்க்க முடியாது.

வேட்டைக்காரனுக்குத் தெரிவதோ இரண்டு மின்னும் புள்ளிகள். மான், பூனை, மாடு போன்ற விலங்குகளின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி ஒரு அடுக்கு உண்டு. உள்ளே போன ஒளியை அது திருப்பி அனுப்பும். ராத்திரி பைக்கில் போகும்போது ரோட்டோரத்தில் மாட்டுக் கண் பளிச்சென்று தெரிவது இதனால்தான். அந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே குறிவைத்தால் போதும், தப்பாது.

ஷிராஸும் இளம் வயசில் இந்த வேட்டையை ஆடியவர்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஒரே ராத்திரியில் மனம் திருந்தித் துப்பாக்கியை ஏரியில் வீசிவிட்டார் என்று சினிமா மாதிரி சொல்வதற்கு இடமில்லை. மெதுமெதுவாகத்தான் மாறினார்.

காலம் எப்படிப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். லட்சக்கணக்கில் திரிந்த காட்டெருமைகளை அமெரிக்கா அப்போதுதான் சுட்டுத் தீர்த்திருந்தது. வானத்தை மறைத்துப் பறந்த பயணிப் புறா வேகமாக அழிந்துகொண்டிருந்தது. கடைசிப் பெருங்கூட்டங்களில் ஒன்று 1878இல் இதே மிச்சிகனில்தான் அடைகாத்தது; வேட்டைக்காரர்கள் அதையும் விடவில்லை. 1914இல் சின்சினாட்டி உயிரியல் பூங்காவில் கடைசிப் புறாவும் செத்துப்போனது. காடு என்றால் தீராத களஞ்சியம் என்று எல்லோரும் நம்பிய நேரத்தில், தன் ஏரிக்கரையில் மான் குறைவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார் ஷிராஸ்.

1889 வாக்கில் கேமராவைக் கையில் எடுத்தார்.

துப்பாக்கி இருந்த இடத்தில் கேமரா

பகலில் எடுப்பது ஓரளவு முடிந்தது. ராத்திரிதான் சவால். மான்கள் வெளியே வருவதே ராத்திரியில்தானே?

அவர் செய்தது எளிமையான ஒரு மாற்றம். லா பீட் கற்றுக்கொடுத்த அதே ஓடம், அதே முன்விளக்கு, அதே சத்தமில்லாத துடுப்பு. துப்பாக்கி இருந்த இடத்தில் மட்டும் கேமரா. மின்னும் கண்கள் தெரிந்ததும் கிட்டே போய், ஒரு நொடி காட்டையே பகலாக்கிவிட்டால் படம் கிடைத்துவிடும்.

சொல்வது சுலபம். அப்போது மின்சார ஃபிளாஷ் கிடையாது. மெக்னீசியம் தூளைக் கொளுத்த வேண்டும். ஆரம்பத்தில் ஆல்கஹால் விளக்குகளின் சுடரில் ரப்பர்ப் பந்தை அழுத்தித் தூளை ஊதிவிட்டுப் பார்த்தார். ஆடும் ஓடம், வீசும் காற்று, பக்கத்திலேயே வெடிக்கும் பவுடர். பிறகு துப்பாக்கி விசை போல இழுத்தால் பவுடர் தீப்பற்றும் கைக்கருவியைத் தானே வடிவமைத்தார். அது வெடிக்கும்போது வேட்டுச் சத்தம் போலவே கேட்கும், புகையும் கிளம்பும். தூரத்திலிருந்து கேட்டவருக்கு மான் செத்தது என்றுதான் தோன்றியிருக்கும். உண்மையில் மான் மிரண்டு காட்டுக்குள் ஓடியிருக்கும், அதன் உருவம் கண்ணாடித் தகட்டில் பதிந்திருக்கும்.

1890களில் இப்படி எடுத்த இரவுப் படங்களில் மான்கள் கறுப்புத் திரைக்கு முன்னால் வெள்ளியில் வார்த்த மாதிரி நிற்கும். தண்ணீரில் தலைகீழ்ப் பிம்பம். இன்றைய 4கே வீடியோக்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கும் அந்தப் படங்கள் ஏதோ செய்யும். 1902இல் கனடாவின் ஒன்டாரியோவில் லூன் ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கும் லிங்க்ஸ் என்ற காட்டுப்பூனையை எடுத்த படம் அவருடைய மிகப் பிரபலமான படங்களில் ஒன்று. பூனை கேமராவை நேராகப் பார்க்கிறது. அந்த நொடி வரை எந்த மனிதனும் காட்டில் ஒரு லிங்க்ஸை இரவில் அவ்வளவு நிதானமாகப் பார்த்திருப்பானா என்பது சந்தேகம்தான்.

சரி, ட்ரெயில் கேமரா எங்கே வந்தது?

ஓடத்தில் போனால் கரைக்கு வரும் விலங்கு மட்டும்தான் கிடைக்கும். காட்டுக்குள் இருப்பவை? ஆள் வாசனை பட்டாலே ஒதுங்கிப் போகிறவை? அதற்குத்தான் அடுத்த யோசனை. ஆளே இல்லாமல் கேமராவை மட்டும் விட்டுவிட்டு வந்தால் என்ன?

விலங்கு நடமாடும் தடத்தின் ஓரத்தில் கேமராவை நிறுத்தினார். குறுக்கே ஒரு நூல். நூலின் மறுமுனை கேமராவின் ஷட்டரிலும் ஃபிளாஷ் விசையிலும். விலங்கு நூலைத் தட்டினால் பவுடர் வெடிக்கும், ஷட்டர் திறக்கும், படம் பதிவாகும். சில நேரம் நூலில் இரையைக் கட்டினார். ரக்கூன் இரையை இழுத்தால், தன் படத்தைத் தானே எடுத்துக்கொண்டது என்று அர்த்தம். செல்ஃபி என்ற சொல் பிறப்பதற்கு நூறு வருஷத்துக்கு முன்னாலேயே முள்ளம்பன்றியும் ரக்கூனும் மிச்சிகன் காட்டில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தன என்று சொல்லலாம்.

இதில் பீவர் கதைதான் எல்லாவற்றையும்விட அழகு. ஓடையில் மரக்கிளைகளை அடுக்கி அணை கட்டும் விலங்கு அது. கூச்சம் அதிகம், இரவில்தான் வேலை. ஷிராஸ் என்ன செய்தார் தெரியுமா? அணையின் ஒரு ஓரத்தை உடைத்துவிட்டார். உடைப்பில் ஒரு கிளையை வைத்து, அதில் நூலைக் கட்டிவிட்டு வந்துவிட்டார். அணையில் ஓட்டை விழுந்தால் பீவருக்கு இருப்பு கொள்ளாது, அடைக்க வந்தே தீரும். வந்தது, கிளையை இழுத்தது, படம் விழுந்தது. விலங்கின் குணத்தைத் தெரிந்துகொள்ளாமல் எவ்வளவு விலையுயர்ந்த கேமரா வைத்தும் பிரயோஜனமில்லை என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

இன்னொரு சோதனையும் செய்தார். ஃபிளாஷ் வெடிக்கும்போது மான் அமைதியாகத்தான் இருக்கும். வெடித்த பிறகு? அதைப் பிடிக்க இரண்டாவது கேமராவையும் இரண்டாவது ஃபிளாஷையும் வைத்து, முதல் வெடிக்குச் சற்று நேரம் கழித்து அது வெடிக்கும்படி செய்தார். கிடைத்த படத்தில் மான்கள் நான்கு காலும் தரையில் படாமல் மிரண்டு பாய்கின்றன. படம் அற்புதம். ஆனால் இந்தக் கருவி விலங்கை எவ்வளவு பயமுறுத்தியது என்பதற்கான சாட்சியும் அதே படம்தான். சுடுவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் தொந்தரவே இல்லாத வேலை என்று சொல்ல முடியாது.

அன்றைக்கு இருந்த அதே நான்கு தலைவலி

இன்றைக்கு ட்ரெயில் கேமரா நல்லதா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது? பலரும் முதலில் கேட்பது எத்தனை மெகாபிக்ஸல் என்று. களத்தில் வேலை செய்கிறவர்கள் கடைசியாகத்தான் அதைப் பார்ப்பார்கள். அவர்கள் முதலில் பார்ப்பதெல்லாம் ஷிராஸ் அந்தக் காட்டில் மல்லுக்கட்டிய விஷயங்களைத்தான்.

முதலாவது வேகம். நூல் இழுபட்டதற்கும் ஷட்டர் திறப்பதற்கும் நடுவில் தாமதமானால் விலங்கு படத்தைத் தாண்டிப் போய்விடும், வால் மட்டும்தான் மிஞ்சும். இன்றைய நல்ல கேமராக்கள் அரை நொடிக்கும் குறைவான நேரத்தில் விழித்துக்கொள்கின்றன. மலிவான சில கேமராக்களில் ஒரு நொடிக்கு மேல் ஆகும். ஒரு நொடி என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். தடத்தின் குறுக்கே பாய்ந்து ஓடும் மானுக்கு ஒரு நொடி ரொம்ப ரொம்ப அதிகம். வேகம் குறைந்த கேமராவாக இருந்தால், தடத்துக்குக் குறுக்காக வைக்காமல் தடம் வரும் திசையைப் பார்த்துச் சாய்வாக வைப்பார்கள். விலங்கு சட்டகத்துக்குள் கூடுதல் நேரம் இருக்கும் அல்லவா?

இரண்டாவது பொய் எச்சரிக்கை. நூலைத் தட்டுவது மான்தான் என்று என்ன நிச்சயம்? காற்றில் விழுந்த கிளையும் தட்டலாம், முயலும் தட்டலாம். ஷிராஸுக்கு ஒரு தகடு, ஒரு பவுடர், ஒரே ஒரு வாய்ப்பு. அது வீணானால் அந்த இரவே வீண். இன்றைய சென்சார் வெப்பத்தையும் அசைவையும் சேர்த்துப் பார்க்கிறது. ஆனால் வெயிலில் காய்ந்த புல் காற்றில் ஆடினால் அதுவும் ஏமாந்துபோகிறது. காலையில் எடுத்துப் பார்த்தால் நூற்றுக்கணக்கில் வெறும் புல் படம். கேமராவைக் கிழக்கையோ மேற்கையோ பார்த்து வைக்காதீர்கள், முன்னால் இருக்கும் புல்லையும் கிளையையும் வெட்டிவிடுங்கள் என்று சொல்வது இதனால்தான். வெப்பமான ஊர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. விலங்கின் உடல் சூடும் சுற்றுப்புறச் சூடும் நெருங்கிவிட்டால் சென்சாருக்கு வித்தியாசம் தெரியாது. உச்சிவெயிலில் கண்முன்னே மிளா போனாலும் கேமரா தூங்கிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது வெளிச்சம். ஷிராஸின் மெக்னீசியம் காட்டையே அதிரவைத்தது. இப்போது மனிதக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி வந்துவிட்டது. சில கேமராக்களில் எரியும்போது லேசான செம்புள்ளி தெரியும், சிலவற்றில் அதுவும் தெரியாது. தெரியாத வகை விலங்கை மிரட்டாது, திருடர் கண்ணிலும் படாது. ஆனால் வெளிச்சம் குறைவு, தூரம் குறைவு, படம் கறுப்பு வெள்ளைதான். புலிக் கணக்கெடுப்பில் இன்றும் வெள்ளை ஃபிளாஷ் கேமராக்களைப் பயன்படுத்துவது ஏன் என்றால், ஓடுகிற புலியின் வரிகள் கலங்காமல் தெளிவாக வேண்டும். அந்த வகையில் ஷிராஸின் வெள்ளை வெளிச்சம் இன்னும் ஓய்வுபெறவில்லை.

நான்காவது, எவ்வளவு நாள் தாங்கும் என்பது. பனியில் பவுடர் நனைந்தால் ஷிராஸின் கருவி செத்தது. இன்று பேட்டரி, மழை, எறும்பு, யானை. பெட்டியின் ரப்பர் விளிம்பு சரியில்லை என்றால் ஒரே மழையில் லென்ஸுக்குள் ஆவி படிந்துவிடும். யானைக்கு அந்தப் பெட்டி பிடிக்கவில்லை என்றால் எந்த பிராண்டும் நிற்காது!

இதைப் படித்துவிட்டு ஆன்லைனில் ஒன்று வாங்கிக் காட்டில் கட்டலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: காப்புக்காடு, சரணாலயம் எதிலும் வனத்துறை அனுமதி இல்லாமல் கேமரா வைக்க முடியாது. சொந்தத் தோட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். மரநாயும் முள்ளம்பன்றியும் வந்துபோவது தெரியும்.

படம் போட்டதற்கு ராஜினாமா!

1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஷிராஸின் இரவுப் படங்களுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1904இல் செயின்ட் லூயிஸ் கண்காட்சியிலும் பரிசு. ஆனாலும் அவை பெரிய அளவில் பொதுமக்களைச் சென்றடைந்தது 1906இல்தான்.

அந்த வருஷம் ஒரு பெட்டி நிறையப் படங்களோடு நேஷனல் ஜியாக்ரஃபிக் ஆசிரியர் கில்பர்ட் குரோவ்னரைப் பார்க்கப் போனார். இன்றைக்குப் படம் என்றாலே அந்தப் பத்திரிகைதான் ஞாபகத்துக்கு வரும். அன்றைக்கு அது புவியியல் அறிஞர்களின் சங்க இதழ். குரோவ்னர் பார்த்தார், பிடித்துப்போனது. 1906 ஜூலை இதழில் 74 படங்களை அச்சிட்டார். கூடவே எழுத்து கொஞ்சம்தான்.

வாசகர்கள் கொண்டாடினார்கள். சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு ராஜினாமா செய்தார்கள். அறிவியல் இதழைப் படப்புத்தகமாக ஆக்கிவிட்டார் ஆசிரியர் என்பது அவர்கள் வருத்தம். அந்தக் கோபத்தை இன்றைக்குப் படித்தால் சிரிப்பு வரும். ஆனால் குரோவ்னர் அன்று பின்வாங்கியிருந்தால் அந்த மஞ்சள் சட்டக இதழ் நமக்குத் தெரிந்த இதழாக இருந்திருக்காது. அதே நிர்வாகக் குழுவில் பிற்பாடு ஷிராஸும் இடம்பெற்றார்.

படங்களைப் பார்த்து அசந்துபோனவர்களில் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டும் ஒருவர். அவரே பெரிய வேட்டைக்காரர். நீங்கள் புத்தகம் எழுதியே ஆக வேண்டும் என்று ஷிராஸை வற்புறுத்தினார். ஷிராஸ் எழுதினார். எப்போது? 1935இல். ரூஸ்வெல்ட் இறந்து பதினாறு வருஷம் ஆகியிருந்தது. காட்டோடு தனக்கிருந்த 65 வருஷத் தொடர்பை இரண்டு தொகுதிகளில் சொன்ன புத்தகம் அது.

இரண்டே வருஷம் எம்.பி.

நடுவில் அரசியலும் உண்டு. 1903 முதல் 1905 வரை அமெரிக்கக் காங்கிரஸின் பிரதிநிதிகள் சபையில் உறுப்பினர். ஒரே பதவிக்காலம். மறுபடி போட்டியிடவில்லை. ஆனால் கிளம்புவதற்கு முன்னால் 1904 டிசம்பரில் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். வலசை போகும் பறவைகள் எந்த மாநிலத்துக்கும் சொந்தமில்லை, எனவே அவற்றைக் காப்பது மத்திய அரசின் வேலை என்பது அதன் சாரம்.

அப்போது வேட்டைச் சட்டமெல்லாம் மாநிலங்களின் கையில். ஒரு மாநிலம் வாத்தைப் பாதுகாத்தால், அது பறந்துபோய் இறங்கும் அடுத்த மாநிலத்தில் சுட்டுவிடுவார்கள். மசோதா நிறைவேறவில்லை. யோசனை மட்டும் சாகவில்லை. 1913இல் அதே வழியில் ஒரு சட்டம் வந்தது, நீதிமன்றங்களில் அடிவாங்கியது. 1916இல் கனடாவுக்காக பிரிட்டனோடு ஒப்பந்தம் போட்டு, 1918இல் வலசைப் பறவை ஒப்பந்தச் சட்டம் கொண்டுவந்தார்கள். 1920இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. இன்றுவரை அமெரிக்கப் பறவைகளைக் காக்கும் முக்கியமான சட்டம் அதுதான். கேமராக்காரர் என்று மட்டும் ஷிராஸை நினைப்பவர்கள் இந்தப் பக்கத்தைத் தவறவிடுகிறார்கள்.

பிறகும் அலைச்சல் நிற்கவில்லை. நியூஃபவுண்ட்லாந்து, அலாஸ்கா, யெல்லோஸ்டோன் என்று போனார். யெல்லோஸ்டோன் பகுதியில் யாரும் எதிர்பார்க்காத எண்ணிக்கையில் மூஸ் என்ற பெரிய மான்கள் இருப்பதைக் கவனித்துச் சொன்னார். அது தனித் துணையினம் என்று 1914இல் அறிவியலாளர் எட்வர்ட் நெல்சன் விவரித்தபோது, ஷிராஸ் பெயரையே அதற்கு வைத்தார். படம் எடுக்கப் போனவர் பெயரிலேயே இன்று ஒரு மான் நடமாடுகிறது.

1928இல் தன்னிடமிருந்த சுமார் 2,400 கண்ணாடி நெகட்டிவ்களை நேஷனல் ஜியாக்ரஃபிக் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டார். 1942 மார்ச்சில், 83 வயதில், அதே மார்க்கெட் ஊரில் காலமானார்.

அந்த நூல் இந்தியாவுக்கு வந்த கதை

ஷிராஸ் காட்டிய வழியில் 1927இல் இரண்டு விஷயங்கள் நடந்தன. பனாமாவில் பரோ கொலராடோ தீவில் பறவையியலாளர் ஃப்ராங்க் சாப்மன், காட்டுப் பாதைகளில் நூல் கட்டிய கேமராக்களை வைத்து, தீவில் என்னென்ன விலங்குகள் நடமாடுகின்றன என்று பார்த்தார். அழகான படத்துக்காக மட்டும் இல்லாமல் கணக்குக்காகவும் இந்தக் கருவி உதவும் என்று காட்டியவர்களில் முன்னோடி அவர்.

இன்னொன்று நம் நாட்டில். ஐக்கிய மாகாணத்தில், அதாவது இன்றைய உத்தரப் பிரதேசம், உத்தராகண்ட் காடுகளில் வன அதிகாரியாக இருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன், புலிப் பாதையில் நூல் கட்டி இரவுப் படங்கள் எடுத்தார். அவை 1925இல் லண்டன் பத்திரிகையில் வந்தன, 1927இல் புத்தகமாகின. மகாராஜாக்களும் வெள்ளைக்காரத் துரைகளும் செத்த புலி மேல் கால் வைத்துப் போஸ் கொடுத்த காலம் அது. நடக்கிற புலியை நடக்கிறபடியே காட்டிய படங்கள் அன்று எவ்வளவு புதுசாக இருந்திருக்கும்! ஒவ்வொரு புலிக்கும் வரி வேறு, அதை வைத்துப் புலியை அடையாளம் காணலாம் என்பதையும் சாம்பியன் கவனித்திருந்தார்.

அந்தக் கவனிப்பின் மேல்தான் இன்றைய கணக்கெடுப்பு நிற்கிறது. 1990களில் கர்நாடகத்தின் நாகரஹொளேயில் உல்லாஸ் கரந்த் தானியங்கி கேமராக்களை வைத்து, வரிகளை ஒப்பிட்டு, புள்ளியியல் முறையில் புலிகளை மதிப்பிட்டுக் காட்டினார். அதற்கு முன் காலடித் தடத்தை வைத்துத்தான் எண்ணினார்கள், அதில் பிழைக்கு இடம் அதிகம். இப்போது பாதைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு கேமரா. ஏனென்றால் புலியின் வலது பக்க வரியும் இடது பக்க வரியும் ஒன்றாக இருக்காது.

2018 கணக்கெடுப்பில் நாடு முழுக்க 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள். கிடைத்த படங்கள் சுமார் 3.48 கோடி. கின்னஸ் சாதனையாகவே பதிவானது. அதில் புலி இருந்த படங்கள் 76,651. ஆயிரம் படத்தில் இரண்டு! மீதியில் மானும் மாடும் மனிதரும் ஆடும் புல்லும்.

அமெரிக்காவில் கதை வேறு மாதிரி திரும்பியது. அங்கே ட்ரெயில் கேமராவை அதிகம் வாங்குகிறவர்கள் வேட்டைக்காரர்கள். எந்த மான் எத்தனை மணிக்கு எந்தத் தண்ணீர்த்துறைக்கு வருகிறது என்று கேமராவில் பார்த்துவைத்து, சீசன் திறந்ததும் போய் உட்காருகிறார்கள். சில மாடல்கள் படத்தை அப்போதே செல்போனுக்கு அனுப்பிவிடும். இது வேட்டையா, ஏமாற்றா என்று அங்கே வேட்டைக்காரர்களுக்குள்ளேயே பெரிய சண்டை. வறண்ட அரிசோனாவில் ஒரே குட்டையைச் சுற்றிக் கேமராக்கள் குவிந்தன, அவற்றைப் பார்க்க ஆட்கள் ஓயாமல் வந்துபோனார்கள், விலங்குகள் தண்ணீர் குடிக்க முடியாமல் தவித்தன என்ற புகார்கள் எழுந்தன. 2022 ஜனவரியிலிருந்து வேட்டைக்கு உதவியாக ட்ரெயில் கேமரா பயன்படுத்த அந்த மாநிலம் தடை போட்டுவிட்டது.

ஒயிட்ஃபிஷ் ஏரியில் ஷிராஸ் துப்பாக்கியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கேமராவை வைத்தார். அரிசோனா குட்டைக்கரையில் அதே கேமரா துப்பாக்கிக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தது.